வளவில் வைத்த கேமரா

செட்டிநாட்டில் எங்கள் பூர்வீக வீட்டின் நடு முற்றமான வளவில், வடக்குத் தாழ்வாரப் பத்தியின் மூன்றாவது தூணுக்கு அருகே, ஓர் ஆத்தங்குடித் தரைக்கல்லின் முனை பெயர்ந்து கிடக்கிறது. சென்ற பொங்கலுக்குப் பங்காளிகள் எல்லோரும் ஊரில் கூடியிருந்தபோது நான் வீசிய பித்தளைச் செம்பு பட்டு உடைந்த இடம் அது. ஓடு மாற்றும் செலவை எத்தனை பங்காகப் பிரிப்பது என்ற பேச்சு நீண்டுகொண்டே போனபோது, என்னைவிட ஏழு வயது மூத்த அண்ணன், பெரியப்பச்சி (பெரியப்பா) மகன், "செலவுன்னு வந்தா மட்டும் இவனுக்குக் காது கேக்காது" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அதற்கடுத்த சில விநாடிகள் எனக்கு இன்றுவரை தெளிவாக நினைவில் இல்லை. செம்பு யார்மீதும் படவில்லை. தூணோரம் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்த என் ஒன்பது வயது மகள் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள் என்பதைக்கூட இரவில் என் மனைவி சொல்லித்தான் அறிந்தேன்.

கோபம் இருக்கும் இடத்தில்தான் குணம் இருக்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த வீடு எங்களுடையது. தாத்தாவான ஐயாவுக்குக் கோபம் வரும், அப்பாவான அப்பச்சிக்கும் வரும்; "சுருக்குன்னு வரும், உடனே ஆறிடும், மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டாரு" என்று உறவினர்கள் அவர்களைப் பற்றிப் பெருமையாகவே பேசுவார்கள். கோபப்பட்டவருக்கு அது ஆறிவிடுவது உண்மைதான். அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர்களுக்கும் ஆறியதா என்று எங்கள் வீட்டில் யாரும் விசாரித்ததில்லை. "உங்களுக்கு ஆறிடுச்சு, அவ இன்னும் தூங்கல" என்று அன்றிரவு என் மனைவி சொன்ன ஒரு வாக்கியம்தான் என்னை மதுரையில் இருக்கும் ஒரு மனநல ஆலோசகரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவரிடம் நான் கற்றுக்கொண்ட முறையில் மெய்நிகர் விளையாட்டுக்கும் ஓர் இடம் இருந்தது. அதைப் பற்றி நம்மவர்கள் தமிழில் விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை என்பதாலும், இதே சிக்கலோடு வாழும் ஆண்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதாலும், இதை எழுதுகிறேன்.

ஆலோசகரிடம் போவதற்கு முன்பு நானாகவே ஒரு தவறான வழியில் முயன்றேன். பொறியியல் படிக்கும் என் தங்கை மகனிடம் ஒரு விஆர் கண்ணாடி, அதாவது மெய்நிகர்க் காட்சியைக் கண்முன் காட்டும் கருவி, இருக்கிறது. "மாமா, இதுல எல்லாத்தையும் போட்டு உடைக்கலாம், டென்ஷன் இறங்கிடும்" என்று அவன் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். கண்ணாடியை மாட்டியதும் பீங்கான் தட்டுகளும் பூச்சாடிகளும் அடுக்கிய ஓர் அறை. கையில் ஒரு கட்டை. இருபது நிமிடம் உடைத்தேன். வேர்த்துக் கொட்டியது, நன்றாக இருப்பது போலவும் தோன்றியது. அதே நாள் மாலை, கடையில் பில் புத்தகத்தை மாற்றி வைத்த பையனிடம் நான் கத்திய கத்தலுக்கு அந்தச் சிறிய தவறு எந்த வகையிலும் ஈடானதல்ல.

இது எனக்கு மட்டும் நேர்ந்த அனுபவம் அல்ல என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் 600 கல்லூரி மாணவர்களை வைத்து நடத்திய ஆய்வில், அவர்கள் எழுதிய கட்டுரையை ஒருவர் கடுமையாக இழிவுபடுத்தியதாகக் காட்டி முதலில் கோபமூட்டினார்கள். பிறகு ஒரு பகுதியினர் தம்மை இழிவுபடுத்தியவரையே நினைத்துக்கொண்டு குத்துச்சண்டைப் பையைக் குத்தினர். இன்னொரு பகுதியினர் உடற்பயிற்சியை நினைத்துக்கொண்டு குத்தினர். மற்றவர்கள் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தனர். இறுதியில் அதிகக் கோபத்தோடும் அதிக ஆவேசத்தோடும் இருந்தவர்கள், ஆளை நினைத்துக்கொண்டு குத்தியவர்கள்தாம். சும்மா இருந்தவர்களே அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். அதே புஷ்மனும் அவருடைய சக ஆய்வாளரும் 154 ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளியிட்ட கட்டுரையும் இதையே இன்னும் உறுதியாகச் சொல்கிறது: ஆழ்ந்த மூச்சு, தியானம், யோகம் என்று உடலின் கொதிப்பைத் தணிப்பவை கோபத்தைக் குறைக்கின்றன, ஓட்டம் போன்று கொதிப்பை ஏற்றுபவை பொதுவாகக் குறைப்பதில்லை. கோபம் என்பது பானையில் நிரம்பிய நீர், சாய்த்தால் காலியாகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது அடுப்பு. ஊத ஊதத்தான் எரியும்.

மதுரை ஆலோசகர் முதலில் கொடுத்ததும் ஒரு விளையாட்டுத்தான், ஆனால் நேர் எதிரான வகை. மார்புக்குக் கீழே ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு கண்ணாடியை மாட்டினால் கடலடியில் இருப்பீர்கள். கையில் எந்தக் கருவியும் இல்லை. மூச்சின் ஏற்ற இறக்கமே நீந்துவதற்கான விசை. மூச்சு நிதானமாக இருந்தால் மிதந்து போகலாம், படபடத்தால் நகர முடியாது. இந்த வகைக்கு முன்னோடியான 'டீப்' என்ற விளையாட்டை ஓவன் ஹாரிஸ், நிக்கி ஸ்மிட் என்ற இரு வடிவமைப்பாளர்கள் உருவாக்க, நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை ஒரு சிறப்புப் பள்ளியில், வகுப்பில் அடங்காத வளரிளம் பருவத்தினரிடம் பயன்படுத்திப் பார்த்தார்கள். அதற்கும் முன்பே பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் இதே கருத்தைச் சாதாரணக் கணினித் திரையில் செய்திருக்கிறார்கள்: விண்கலத்தைச் சுடும் விளையாட்டில் குழந்தையின் இதயத் துடிப்பு ஓர் அளவைத் தாண்டினால் துப்பாக்கி வேலை செய்யாது, மீண்டும் சுட வேண்டுமானால் குழந்தை தன்னைத்தானே ஆற்றிக்கொள்ள வேண்டும். ஆத்திரப்பட்டால் சக்தி கூடும் என்று நம்பி வளர்ந்த ஒருவனுக்கு, ஆத்திரப்பட்ட நொடியில் கையில் இருப்பது செயலற்றுப் போவதைக் கண்ணால் காண்பது எவ்வளவு பெரிய பாடம் என்பதை அனுபவித்துத்தான் அறிய வேண்டும்.

ஆனால் கடலடியில் யாரும் என்னைப் பார்த்து "காது கேக்காது" என்று சொல்லப்போவதில்லை. அங்கே நான் அமைதியாக இருந்தேன் என்பதற்காக வளவிலும் அமைதியாக இருப்பேன் என்று சொல்ல முடியாது. ஆலோசகரின் அறையில் அவர் என் அண்ணனாக நடித்து அதே வாக்கியத்தைச் சொன்னபோதும் எனக்குக் கோபம் வரவில்லை. எதிரே இருப்பவர் ஆலோசகர் என்று தெரிகிறதே. ஆலோசகரின் நாற்காலியில் உட்கார்ந்து, "அப்படியானால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன், பத்து எண்ணுவேன்" என்று சொல்லாதவர் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த அறைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் குறைப்பதற்குத்தான் மெய்நிகர்க் காட்சி தேவைப்படுகிறது. பொய் என்று அறிவு சொன்னாலும், கண்ணையும் காதையும் முழுவதுமாக மூடிக்கொண்ட ஒரு காட்சியை உடல் பாதியாவது நம்பிவிடுகிறது. தாடை இறுகுகிறது, கை மூடுகிறது. உடல் சூடேறிய நிலையில், யாருக்கும் ஆபத்தில்லாத ஓர் இடத்தில், அடுத்த அடியை மாற்றி வைத்துப் பழகலாம். இதற்கு நான் கண்ட பயன் இது ஒன்றுதான், ஆனால் இதுவே பெரிது.

நெதர்லாந்தில் மெய்நிகர் வன்முறைத் தடுப்புப் பயிற்சி என்ற பெயரில் இதை முறையாகச் செய்திருக்கிறார்கள். குற்றம் புரிந்து மனநல மையங்களில் வைக்கப்பட்டிருப்பவர்களுக்கு 16 அமர்வுகள். காட்சியில் வரும் மனிதர்களின் குரலைச் சிகிச்சையாளரே மைக்கில் பேசுகிறார். கருவி அந்தக் குரலை மாற்றிக் கொடுக்கிறது. எதிரில் இருப்பவர் முகத்தில் தெரிவது கோபமா, களைப்பா, வெட்கமா என்று படிப்பதிலிருந்து பயிற்சி தொடங்குகிறது. ஏனென்றால் சண்டைக்கு நிற்பவர்களில் பலர், மற்றவர் தற்செயலாகச் செய்ததையும் வேண்டுமென்றே செய்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. அண்ணன் அன்று அதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டே சொன்னார் என்று மற்றவர்கள் எல்லோரும் கூறுகிறார்கள், எனக்கு அந்தச் சிரிப்பே தெரியவில்லை.

அந்தப் பயிற்சியின் முடிவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 128 பேரைக் கொண்டு நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், பணியாளர்கள் கவனித்துக் குறித்த வன்முறை நடத்தையில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. கோபத்தைக் கட்டுப்படுத்துவதிலும் பகையுணர்விலும் பயிற்சி முடிந்த கையோடு முன்னேற்றம் இருந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அது நிலைத்திருக்கவில்லை. அதே நாட்டில் 8 முதல் 13 வயது வரையுள்ள 115 சிறுவர்களை வைத்து நடத்திய இன்னோர் ஆய்வின் முடிவு இதைவிட நம்பிக்கையூட்டுகிறது: மெய்நிகர்க் காட்சியோடு பயிற்சி பெற்றவர்களின் முரட்டுத்தனம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிடும்போது குறைந்தது. என் எண்ணத்தில், பழக்கம் முற்றிப்போன பெரியவர்களுக்கு இது ஒரு முறை போட்டு முடிக்கும் ஊசி அல்ல. தினமும் எடுக்க வேண்டிய மாத்திரை போன்றது.

இங்கே எங்களுக்கு ஒரு தனித் தடை இருந்தது. வெளிநாட்டில் உருவாகும் காட்சிகளில் மதுக்கூடமும் பல்பொருள் அங்காடியும் தெருவும் வருகின்றன. யாரோ ஒருவர் வரிசையில் முந்துகிறார், யாரோ தோளில் இடிக்கிறார். அவற்றைப் பார்த்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை. செட்டிநாட்டில் ஒரு மனிதனுக்குக் கோபம் வரும் இடங்கள் வேறு. விசேஷ வீட்டுக்குள் நுழையும்போது எல்லோரையும் "வாங்க" என்று கேட்டவர் நம்மை மட்டும் கேட்காமல் திரும்பிக்கொண்டால் வருகிற கோபம் இருக்கிறதே, அதை எந்த மதுக்கூடக் காட்சியும் கொண்டுவர முடியாது. நான்கு தலைமுறைக்குப் பொதுவான வீட்டில் யார் அறையின் பூட்டை யார் மாற்றினார்கள் என்பது, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு யாரைக் கலந்துகொண்டு நாள் வைத்தார்கள் என்பது, வயதில் மூத்தவரை ஒருமையில் பேசிவிட்டது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சபையில் வைத்துச் சொன்ன ஒரு சொல். நம்முடைய கோபத்தின் வேர் பெரும்பாலும் மரியாதையில் இருக்கிறது. அந்த மரியாதையின் இலக்கணம் தெரியாதவர் செய்த காட்சி, எவ்வளவு செலவு செய்து உருவாக்கியதாக இருந்தாலும், நம் உடலைத் தொடாது.

ஆலோசகரிடம் இதைச் சொன்னபோது, "அப்படியானால் உங்கள் வீட்டையே படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்றார். காரைக்குடியில் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவரிடம் சுற்றுமுற்றும் ஒரே சமயத்தில் பதிவாகும் 360 பாகைக் கேமரா இருந்தது. கடினமானது கேமரா அல்ல, அண்ணனிடம் போய்க் கேட்பது. பொங்கலுக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. பங்குனியில் ஒரு நாள் காலை அவர் வீட்டுக்குப் போய் முதலில் மன்னிப்புக் கேட்டேன், பிறகு விஷயத்தைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சொன்னதே தப்பு, அதையே திரும்பச் சொல்லணுமா?" என்றார். ஆனாலும் வந்தார்.

பத்தியில் நான் அன்று உட்கார்ந்திருந்த அதே இடத்தில், என் கண் உயரத்துக்குக் கேமராவை நிறுத்தினோம். மூன்று காட்சிகள். முதலாவதில் அண்ணன் கணக்கை மட்டும் படிக்கிறார். இரண்டாவதில் குரலை உயர்த்திக் கேட்கிறார். மூன்றாவதில் அன்று சொன்னதை அன்று சொன்னபடியே சொல்கிறார். சுற்றி இருக்கும் பங்காளிகள் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். படிப்படியாக ஏற வேண்டும், முதல் படியில் கால் உறுதிப்படாமல் மூன்றாம் படிக்குப் போகக் கூடாது, வீட்டில் தனியாகப் பார்க்கவும் கூடாது என்பது ஆலோசகர் விதித்த கட்டுப்பாடு.

மூன்றாவது காட்சியை முதன்முறை பார்த்த நாளை நான் மறக்க மாட்டேன். என்ன வாக்கியம் வரப்போகிறது என்று எழுத்துக்கு எழுத்துத் தெரியும். அதைச் சொல்பவரோடு காலையில்தான் போனில் நல்லபடியாகப் பேசியிருந்தேன். அப்படியும் கைக்கடிகாரத்தில் 78 என்று இருந்த துடிப்பு 121 வரை போனது. ஆலோசகர் எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் வலது கையைப் பார்க்கச் சொன்னார். கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற நான்கு விரல்களும் அதன்மேல் மூடியிருந்தன. காட்சியைப் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தபோதுதான் தெரிந்தது, அண்ணன் வாயைத் திறப்பதற்கு முன்பே, மற்றவர்கள் என் பக்கம் திரும்பும் அந்தக் கணத்திலேயே விரல் மடங்கிவிடுகிறது. நாற்பத்தாறு வயதில் என் கோபம் எங்கிருந்து புறப்படுகிறது என்பதை அன்று முதன்முறையாகப் பார்த்தேன். அதன்பிறகு செய்ததெல்லாம் எளிய வேலைதான்: விரல் மடங்கியதும் காட்சியை நிறுத்துவது, மூச்சை இழுத்ததைவிட நீளமாக விடுவது, விரலைப் பிரிப்பது, மீண்டும் ஓட்டுவது. சில வாரங்களில் நிறுத்தாமலே மூச்சு விட முடிந்தது. பிறகு பதில் சொல்லிப் பழகினேன்: "அண்ணே, நோட்டை எடுத்துட்டு வாங்க, சேர்ந்து பார்ப்போம்." இந்த ஒரு வாக்கியத்தை என் சாதாரணக் குரலில் சொல்ல எனக்கு ஆறு வாரம் ஆனது.

வெளியே இது பலித்ததா என்றால், பலித்தது, தவறவும் செய்தது. சித்திரையில் சரக்கு லாரிக்காரரோடு வந்த தகராறில் விரல் மடங்குவது எனக்கே தெரிந்து கையைப் பிரித்துக்கொண்டேன். வைகாசியில், பயிற்சிக்குப் போகாமல் ஒரு மாதம் கடந்திருந்த சமயத்தில், போனில் என் மனைவியிடம் கத்தினேன். அந்த டச்சு ஆய்வின் மூன்று மாதக் கணக்கு அப்போது ஞாபகம் வந்தது. அடுத்த வாரமே மேலூர் வழியாகப் போகும் பஸ்ஸில் மீண்டும் ஏறினேன்.

இதைப் படித்துவிட்டு யாராவது ஒரு கண்ணாடியை வாங்கிக் கோபக்காரப் பிள்ளையின் தலையில் மாட்டிவிடக் கூடாது என்பதால் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. பலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரும். குவெஸ்ட் கண்ணாடியைச் செய்யும் மெட்டா நிறுவனமே 10 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதை அனுமதிப்பதில்லை. வீட்டில் அடி விழுகிறது என்றால் அங்கே முதலில் வேண்டியது அடிபடுபவருக்குப் பாதுகாப்பு. பெண்கள் 181 என்ற எண்ணை எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம். தன் கோபத்தைப் பற்றி யாரிடமாவது பேசத் தொடங்க வேண்டும் என்று நினைப்பவர்கள், மதுரைக்குப் போவதற்கு முன்பு, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண்ணான 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஆடியில் ஆலோசகர் நான்காவது காட்சி ஒன்றைப் பற்றிப் பேசினார். பார்சிலோனாவில் மனைவியைத் துன்புறுத்தியதற்காகத் தண்டனை பெற்ற ஆண்களை, மெய்நிகர்க் காட்சியில் ஒரு பெண்ணின் உடலுக்குள் இருக்க வைத்து, ஓர் ஆண் அவளைத் திட்டி மிரட்டிக்கொண்டு நெருங்கி வருவதை அவளுடைய கண் வழியே காணச் செய்திருக்கிறார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வின்படி, அதற்கு முன்பு பெண்களின் முகத்தில் தெரியும் அச்சத்தை அடையாளம் காண்பதில் பின்தங்கி, அச்சம் தெரியும் முகத்தை மகிழ்ச்சியான முகம் என்று கொள்ளும் போக்கும் உடையவர்களாக இருந்த அவர்கள், அதன்பிறகு அச்சத்தை அச்சமாகவே அடையாளம் காண்பதில் தேறினார்கள். "நீங்கள் தயார் என்றால் மட்டும்" என்று ஆலோசகர் இரண்டு முறை சொன்னார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து எடுங்கள் என்றாள்.

இம்முறை கேமராவை மூன்றாவது தூணுக்கு அருகே, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் வைத்தோம். முன்னால் பல்லாங்குழிப் பலகை. அண்ணன் அதே வாக்கியத்தைச் சொல்ல, நான் எழுந்து, செம்பை ஓங்கி, அன்று கத்தியதைப் போலவே கத்தினேன், வீசவில்லை.

மதுரையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த உயரத்திலிருந்து பார்த்தபோது அண்ணன் தெரியவே இல்லை; தூண் அவரை முழுவதுமாக மறைத்திருந்தது. அவர் சொன்ன வாக்கியமும் ஏதோ முணுமுணுப்பாகத்தான் கேட்டது. ஓட்டுச் செலவு, பங்கு, சபை, மரியாதை எதுவும் அங்கிருந்து தெரியாது. பலகையில் சோழிகள், வளவுக்கு மேலே ஒரு சதுரம் வானம், திடீரென்று எழும் ஒரு வேட்டி, அதற்கு வெகு மேலே திறந்திருக்கும் ஒரு வாய். அவ்வளவுதான் தெரிந்தது. அது நான்.

ஆலோசகர் அன்று துடிப்பைக் குறித்துக்கொள்ளவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன். மகள்தான் எடுத்தாள். பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னாள், எத்தனை மணிக்கு வருவீங்க அப்பச்சி என்று கேட்டாள். எட்டு மணிக்குள் வந்துவிடுவேன் என்றேன்.